நாகர்கோவில் சனிக்கிழமை ஜெனடிக் கிளினிக்: பிள்ளைக்கு கேன்சர் வந்த வீட்டுக்காரங்க படிங்க

முடிவ முதல்லயே சொல்லிடுறேன். வீட்ல ஒரு பிள்ளைக்கு கேன்சர் வந்து, அடுத்த பிள்ளைக்கும் வந்துருமோன்னு தூங்காம கிடக்கிறவங்க நம்ம ஜில்லாவுல யாரு இருந்தாலும் இந்த கிளினிக்ல ஒரு தடவ போய் உக்காருங்க. வைத்தியத்துக்கு இல்ல, வைத்தியம் எங்க நடக்குதோ அங்கயே நடக்கட்டும், அதுல ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க. இது அதுக்குப் பொறவு வர்ற கேள்விகளுக்கு. ஏன் வந்துச்சு, யாரால வந்துச்சு, இனி யாருக்கு வரும், யாருக்கு வராது. இந்த நாலு கேள்விக்கும் வேற எந்த டாக்டரும் எங்களுக்கு உக்காந்து பதில் சொல்லல, நேரம் இல்லன்னுதான் நினைக்கேன். அஞ்சுக்கு நாலரை ஸ்டார், அரை ஏன் குறைஞ்சதுன்னு கீழ இருக்கு.

நாங்க தக்கலை பக்கம். கேன்சர் வந்தது என் தங்கச்சி மவளுக்கு, எனக்கு மருமவ. ரெட்டினோபிளாஸ்டோமா, கண்ணுக்குள்ள விழித்திரையில வர்ற கட்டி, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் வரும், பதினஞ்சாயிரம் இருபதாயிரம் குழந்தை பிறந்தா அதுல ஒண்ணுக்கு. காது குத்து அன்னைக்கு என் மடியில வச்சு எடுத்த போட்டோவுல ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுச்சு, பிளாஷ்ல அப்படி வரும்னு எல்லாரும் விட்டுட்டாங்க, போட்டோ எடுத்த பையன்தான் "அண்ணே, மத்த கண்ணு சிவப்பா இருக்கு, இது மட்டும் ஏன் வெள்ளை, ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க"ன்னான். அந்தப் பையன் நல்லா இருக்கணும். காட்டுனா ரெண்டு கண்லயும் கட்டி. ஒரு கண்ண எடுக்க வேண்டியதாப் போச்சு, மத்தத கீமோவும் லேசரும் வச்சு காப்பாத்திட்டாங்க, இப்ப பிள்ளை ஸ்கூலுக்குப் போகுது, கருப்பட்டி மிட்டாய்க்கு சண்ட போடுது, நல்லா இருக்கு.

பிரச்சினை எங்க வந்துச்சுன்னா, தங்கச்சிக்கு ரெண்டாவது பையன் பொறந்ததுக்குப் பொறவு. அவனுக்கும் கண்ண பார்த்துக்கிட்டே இருக்கணும்னு சொல்லிட்டாங்க. கைக்குழந்தைக்கு கண்ணுக்குள்ள முழுசா பார்க்கணும்னா கண்ணோட கருமணிய விரிக்கிற மருந்து ஊத்தணும், கொஞ்சம் வளர்ந்துட்டா மயக்க மருந்து குடுத்துதான் பார்க்க முடியும், அதுவும் ஒரு தடவ இல்ல, வருஷக் கணக்கா திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் ராத்திரியில இருந்து பால் குடுக்கக் கூடாது, பிள்ளை அழும், தங்கச்சியும் கூட அழும், மச்சான் லீவு போடணும், ரயில், ரூமு, செலவு. இதுக்கு நடுவுல ஒருத்தரு "ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்தா இது தேவையா இல்லையான்னே தெரிஞ்சிரும்"னு சொல்லி இங்க அனுப்புனாரு.

வடசேரி பஸ் ஸ்டாண்டுல இறங்குனா ஆட்டோவே வேண்டாம், நடந்தே போயிரலாம். பெரிய போர்டு எதுவும் எதிர்பார்க்காதீங்க, மாடியில ஒரே ஒரு ரூமு, வெளிய பெஞ்சு. டாக்டரம்மா நம்ம ஜில்லாக்காரங்கதான், மருத்துவம் படிச்சு, அப்புறம் ஜெனடிக்ஸ்ல போய், வெளிநாட்டுல பிள்ளைங்களோட கட்டியில உள்ள டிஎன்ஏவ படிக்கிற லேப்ல பல வருஷம் வேல பார்த்துட்டு ஊரோட வந்தவங்க. ஆனா பேச்சு கொஞ்சமும் மாறல, தங்கச்சிய "மக்ளே"ன்னுதான் கூப்பிட்டாங்க, அந்த ஒரு சொல்லுலயே அவளுக்குப் பாதி வெப்ராளம் அடங்கிருச்சு.

உள்ள போனதும் ரத்தம் எடுப்பாங்கன்னு நினைச்சுப் போனோம், எடுக்கல. ஒரு பெரிய வெள்ளைத் தாள விரிச்சு பென்சிலும் ரப்பரும் எடுத்து வச்சுட்டு குடும்ப மரம் போட ஆரம்பிச்சாங்க. ஆம்பளைக்கு சதுரம், பொம்பளைக்கு வட்டம், நோய் வந்தவங்களுக்கு உள்ள கருப்பு அடிக்கிறது, இறந்தவங்களுக்கு குறுக்க ஒரு கோடு. மூணு தலைமுறை. கரு கலைஞ்சது, சின்ன வயசுல போனது எல்லாம் கேட்டாங்க. என் அத்தை, அதான் தங்கச்சி மாமியார், அதுவரைக்கும் வாயே திறக்காதவங்க, மெதுவா "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், நாலு வயசுல போயிட்டான், பேயடிச்சதுன்னு சொல்லுவாவ"ன்னாங்க. எங்கப்பா உட்பட எங்க யாருக்குமே அது தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் வெளிய பேசுனதில்ல. டாக்டரம்மா ஒரு சதுரம் போட்டு, கோடு இழுத்து, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டாங்க. கண்ணு எப்படி இருந்துச்சு, வெளிய தள்ளிட்டு இருந்துச்சா, காய்ச்சலாங்கிறத எல்லாம் அவசரமே இல்லாம கேட்டாங்க. அத்தை அழுதுட்டாங்க. தண்ணி குடுத்து, அஞ்சு நிமிஷம் சும்மா இருந்து, அப்புறம்தான் அடுத்த கேள்வி. இதுக்கெல்லாம் பில்லுல ஒரு வரி கூட கிடையாது, நான் ஸ்டார் போடுறது முக்கியமா இதுக்குத்தான்.

அப்புறம் விளக்கம். ஒவ்வொரு செல்லுலயும் பதிமூணாவது குரோமோசோம்ல ஆர்பி1னு ஒரு ஜீன் இருக்காம், அம்மாகிட்ட இருந்து ஒண்ணு அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. செல்லு கண்டபடி பெருகாம பிடிச்சு வைக்கிறது அதோட வேல. கதவுல மேலயும் கீழயும் ரெண்டு கொண்டி போட்டிருக்கிற மாதிரின்னு சொன்னாங்க, ஒண்ணு போனாலும் கதவு நிக்கும், ரெண்டும் போனாத்தான் திறக்கும். சில பிள்ளைங்களுக்கு பொறக்கும்போதே உடம்பு முழுக்க எல்லா செல்லுலயும் ஒரு கொண்டி இருக்காது, அதனால அவங்களுக்கு சின்ன வயசுலயே வரும், பெரும்பாலும் ரெண்டு கண்லயும் வரும். மத்தவங்களுக்கு விழித்திரையில ஏதோ ஒரே செல்லுல ரெண்டும் தற்செயலா போகணும், அதுக்கு நாள் ஆகும், ஒரு கண்லதான் வரும். இதக் கண்டுபிடிச்சவரு ஆல்ஃபிரட் நட்சன்னு அமெரிக்க டாக்டரு, 1971ல, ஹூஸ்டன்ல. பெரிய மெஷின் எதுவும் இல்லாம, 48 பிள்ளைங்களோட பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்ட எடுத்து, எந்த வயசுல வந்துச்சு, ஒரு கண்ணா ரெண்டு கண்ணான்னு கணக்கு போட்டே சொல்லிட்டாராம். அந்த ஜீன் கையில கிடைச்சது அதுக்கு 15 வருஷம் கழிச்சு, 1986ல, பாஸ்டன் பக்கம் ஸ்டீவன் ஃப்ரெண்ட், தாடியஸ் டிரைஜா, ராபர்ட் வைன்பர்க் குரூப். கேன்சர தடுக்கிற ஜீன்னு உலகத்துலயே முதல்ல பிரிச்சு எடுத்தது இதுதானாம். அந்த 48 பிள்ளைங்க யாரு எவருன்னு யாருக்கும் தெரியாது, ஆனா அவங்க ரெக்கார்டால இன்னைக்கு தக்கலையில ஒரு பையனுக்கு மயக்க மருந்து வேணுமா வேண்டாமான்னு சொல்ல முடியுது. எனக்கு அத நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்குது.

இனி யாரால வந்துச்சுங்கிறதுக்கு வர்றேன், எங்க வீட்ல இதுதான் பெரிய புண்ணு. தங்கச்சி கட்டுனது சொந்த அத்தை மவன. சொந்தத்துல கட்டுனதாலதான்னு ஊரே சொல்லுச்சு. கிரகணத்தன்னைக்கு வெளிய போனதாலன்னு ஒருத்தரு, மண்டைக்காட்டு நேர்ச்சை முடிக்கலன்னு ஒருத்தரு. இன்னொரு பக்கம் மணவாளக்குறிச்சி கருமணல், அதுல இயற்கையாவே கதிர்வீச்சு உண்டு, மச்சானோட வீடு அந்தப் பக்கம்தான். டாக்டரம்மா ஒண்ணொண்ணா எடுத்தாங்க. சொந்தத்துல கட்டுறதால கூடுற நோய் இருக்கு, ஃபான்கோனி அனீமியா மாதிரி, அம்மா அப்பா ரெண்டு பேருகிட்ட இருந்தும் பழுதான ஜீன் வந்தாத்தான் வர்ற வகை, அதுலயும் சில பிள்ளைங்களுக்கு கேன்சர் வரும். ஆனா இந்த நோய் அந்த வகை இல்ல, பொறப்புல ஒரு கொண்டி பழுதா இருந்தாலே போதும், ரெண்டாவது பொறவு கண்ணுக்குள்ள தானா போறது, அதனால சொந்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மணல் விஷயத்துல பூசி மெழுகாம பேசுனாங்க. இதே மாதிரி மணல் உள்ள கேரளா கருநாகப்பள்ளியில கிட்டத்தட்ட 70 ஆயிரம் பேர வருஷக் கணக்கா பின்தொடர்ந்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, கதிர்வீச்சால கேன்சர் கூடுனதா தெரியல, ஆனா அதுல இருந்தது 30 வயசு தாண்டுன பெரியவங்க, அத வச்சு பிள்ளைங்களுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்னு சொன்னாங்க. தெரிஞ்சத தெரிஞ்ச அளவுக்கு மட்டும் சொல்றவங்கள நம்பலாம், எனக்கு நம்பிக்கை வந்தது அங்கதான். அப்புறம், ரெண்டு கண்லயும் வர்ற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அம்மா அப்பா ரத்தத்துல அந்தப் பழுதே இருக்காதாம், புதுசா, கரு உண்டாகுற காலத்துல வர்றது. அத்தை கையப் பிடிச்சு "அம்மா, இது யாரு மேலயும் இல்ல கேட்டியளா, நீங்க சொன்னாத்தான் உங்க மருமவ நம்புவா"ன்னு சொன்னாங்க. அத்தை உடனே ஒண்ணும் சொல்லல. வெளிய வந்ததும் தங்கச்சிகிட்ட இருந்து கைக்குழந்தைய வாங்கி "நீ போய் ஏதாவது தின்னுட்டு வா"ன்னாங்க. எங்க அத்தைய தெரிஞ்சவங்களுக்கு அது என்னன்னு புரியும்.

குடும்பத்துல யாருக்கும் கேன்சர் இல்லையேன்னு நானும் கேட்டேன். அதுக்கு அவங்க சொன்னது முக்கியம். 2010ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியும் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் யுனிவர்சிட்டியும் சேர்ந்து, கேன்சர் வந்த பிள்ளைங்களோட கட்டியில உள்ள டிஎன்ஏவையும் ரத்தத்துல உள்ள டிஎன்ஏவையும் முழுசா படிச்சு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற பெரிய வேலைய தொடங்குனாங்க. 2015ல 1120 பிள்ளைங்களோட கணக்கு வந்துச்சு, அதுல 8.5 சதவீதம் பேருக்கு கேன்சர் வர்ற வாய்ப்ப கூட்டுற பழுது பொறப்புலயே இருந்துச்சு. அப்படி பழுது இருந்தவங்கள்லயும், குடும்பக் கதை தெரிஞ்ச வரைக்கும் பார்த்தா, 40 சதவீதம் பேரு வீட்லதான் வேற யாருக்காவது கேன்சர் வந்திருக்கு, மீதிப் பேரு வீட்ல யாருக்குமே இல்ல. அதனால "எங்க பரம்பரையில இல்ல"ங்கிறது பதில் ஆகாதாம். இதே குரூப் 2012லயே ரெட்டினோபிளாஸ்டோமா கட்டிய பிரிச்சு பார்த்திருக்காங்க, ஆர்பி1 போறத தவிர பெருசா வேற மாற்றமே இல்லையாம். பெரியவங்களுக்கு பீடி சிகரெட்டால வர்ற நுரையீரல் கேன்சர்ல மாற்றம் ஆயிரக்கணக்குல இருக்கும், பிள்ளைங்க கட்டியில ரொம்ப கொஞ்சம்தான். ஒரு பிள்ளை என்ன தப்பு பண்ணியிருக்க முடியும், என்ன வயசு ஆகியிருக்க முடியும். இத சொல்லும்போது டாக்டரம்மா குரலே மாறிருச்சு. இவ்வளவு வருஷம் மைக்ராஸ்கோப்பும் கம்ப்யூட்டருமா இருந்தவங்க ஏன் இந்த மாடி ரூமுக்கு வந்தாங்கன்னு நான் கேக்கல, அவங்களே சொன்னாங்க, லேப்ல ஒவ்வொரு சாம்பிளும் ஒரு நம்பரு, அந்த நம்பருக்கு அம்மை யாரு, தம்பி தங்கச்சி யாருன்னு தெரியாம ரிப்போர்ட் எழுதுறது போதும்னு தோணுச்சுன்னு.

டெஸ்ட் விஷயம். வந்தவங்க எல்லாருக்கும் ரத்தம் எடுக்கிற இடம் இல்ல இது. முதல்ல நோய் வந்த மருமவளுக்கு மட்டும். ஆர்பி1ல 27 துண்டு இருக்காம், அத்தனையும் படிச்சு, பெரிய துண்டே காணாம போயிருக்கான்னும் தனியா பார்த்து, பழுது எந்த டிஎன்ஏ எழுத்துல இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அது கிடைச்ச பிறகு, மத்தவங்களுக்கு அந்த ஒரே இடத்த மட்டும் பார்த்தா போதும், அதுக்கு செலவு ரொம்ப கம்மி. இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல எங்க எல்லாருக்கும், எனக்கும் என் பிள்ளைங்களுக்கும் சேர்த்து, நூத்துக்கணக்கான ஜீன் பேக்கேஜ் எடுக்கச் சொல்லி எஸ்டிமேட் குடுத்திருந்தாங்க, அத கேட்டு நான் லோனுக்கு அலைஞ்சிட்டு இருந்தேன். இங்க டாக்டரம்மா அந்தத் தாள பார்த்துட்டு "மாமனுக்கு இப்ப எதுவும் வேண்டாம், உங்க தங்கச்சிக்கோ மச்சானுக்கோ இருந்தாத்தான் உங்களுக்குப் பார்க்கணும்"னு சொல்லி அந்தத் தாள திருப்பிக் குடுத்துட்டாங்க. எந்த டெஸ்ட் வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு ஆளு வேணும்ல.

ரிசல்ட் வந்துச்சு. மருமவளுக்கு பழுது கிடைச்சிருச்சு. தங்கச்சிக்கும் மச்சானுக்கும் ரத்தத்துல இல்ல. அத்தையோட அண்ணன் பக்கத்துல போட்ட கேள்விக்குறிய டாக்டரம்மா எங்க கண்ணு முன்னாடியே ரப்பர் வச்சு அழிச்சாங்க, அதுக்கும் இதுக்கும் தொடர்பு இல்லன்னு. ஆனா அம்மா அப்பாவுக்கு ரத்தத்துல இல்லன்னதும் பையன விட்டுரலாம்னு நினைக்கக் கூடாதாம், சில சமயம் ரத்தத்துல தெரியாம விந்துலயோ முட்டையிலயோ மட்டும் ஒளிஞ்சிருக்கும், அதனால ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா பார்க்கணும். பார்த்தாங்க. பையனுக்கு இல்ல. மயக்க மருந்து செக்கப் எதுவும் இனி அவனுக்கு வேண்டாம்னு கண் டாக்டருக்கு லெட்டர் எழுதி கையில குடுத்தாங்க, அவரும் படிச்சுட்டு ஒத்துக்கிட்டாரு. தங்கச்சி அத மடிச்சு பைபிளுக்குள்ள வச்சிருக்கா.

மருமவளுக்கு வேற கதை, அதையும் ஒளிக்காம சொன்னாங்க. அவளுக்கு உடம்பு முழுக்க பழுது இருக்கிறதால வளர்ந்த பிறகு எலும்புலயோ தசையிலயோ வேற கட்டி வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட கூடுதல். அதனால தேவையில்லாம சிடி ஸ்கேன், எக்ஸ்ரே எடுக்கக் கூடாது, முடிஞ்ச வரைக்கும் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ, எந்த டாக்டர்ட்ட போனாலும் முதல்லயே சொல்லிரணும். கை கால்ல வலி வந்து போகாம நின்னா "விளையாடும்போது அடிபட்டிருக்கும்"னு விடாம காட்டணும். நாளைக்கு அவளுக்குப் பொறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இத எந்த வயசுல, எப்படி அவகிட்ட சொல்றதுங்கிறதுக்கே தனியா ஒரு நாள் வரச் சொல்லியிருக்காங்க. தங்கச்சி அன்னைக்கு ரொம்ப அழுதா, ஆனா தெரியாம இருந்து பின்னாடி தலையில அடிச்சுக்கிறதுக்கு இது எவ்வளவோ கொள்ளாம்.

வெளிய பெஞ்சுல கொளச்சல்ல இருந்து வந்த ஒரு அம்மா இருந்தாங்க, பையனுக்கு ரத்தப் புற்று, அதான் லுக்கீமியா, அதுக்கு குடுக்கிற மெர்காப்டோப்யூரின் மாத்திரை ஆரம்பிச்சதும் வெள்ளணு ஒரேயடியா இறங்கி ஐசியு வரைக்கும் போயிட்டானாம். அவங்கள எதுக்கு அனுப்புனாங்கன்னா நூடிடி15னு ஒரு ஜீன் பார்க்க. லுக்கீமியா பிள்ளைங்கள்ல 2015ல வெளிவந்த விஷயமாம் இது, அந்த ஜீன்ல வர்ற மாற்றம் வெள்ளைக்காரங்கள்ல அபூர்வம், நம்ம ஆசியாக்காரங்கள்ல அதிகம், ரெண்டு பிரதியும் மாறியிருந்தா அந்தப் பிள்ளைக்கு வழக்கமான டோஸ்ல பத்துல ஒரு பங்கு கூட தாங்காது. லுக்கீமியா பிள்ளை வச்சிருக்கிறவங்க மாத்திரை தொடங்குறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்ட்ட இதப் பத்தி கேளுங்க.

இனி அந்த அரை ஸ்டார். சனிக்கிழமை மட்டும்தான் பார்க்கிறாங்க, போன் எடுக்க ஆளு இல்ல, அடிச்சு அடிச்சு கை வலிக்கும், நேர்ல போய் டோக்கன் போடுறதுதான் நல்லது. லிப்ட் கிடையாது, அத்தைய நாங்க தூக்காத குறையா ஏத்துனோம். பெஞ்சுல ஃபேன் இல்ல, சித்திரை மாசம் பிள்ளைங்கள வச்சுட்டு அங்க இருக்கிறது கொடுமை, இத அவங்க கண்டிப்பா சரி பண்ணணும். சாம்பிள் வெளியூர் லேபுக்குப் போறதால ரிசல்ட் வர வாரக் கணக்குல ஆகும், அந்த நாளெல்லாம் எங்க வீட்ல சோறு இறங்கல. ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு. டாக்டரம்மா கையால தமிழ்ல ஒரு பக்கம் எழுதி குடுக்கிறாங்க, அதுதான் எங்களுக்கு ரிப்போர்ட். எங்களுக்கு காப்பீட்டு அட்டையில இது எடுக்கல, கைக்காசுதான், ஆனா டாக்டரம்மா கன்சல்டிங்குக்கு வாங்குறது சாதா டாக்டர் ஃபீஸ்தான், மீதி எல்லாம் லேப் செலவு.

எவரெஸ்ட் ஏற வந்த சோமர்வெல் டாக்டரு நெய்யூர்ல நம்ம ஜனங்க வரிசையில நிக்கிறதப் பார்த்துட்டு இங்கயே தங்கி ஆபரேஷன் பண்ணுனத எங்க தாத்தா கதையா சொல்லுவாரு. ஊருக்கு வந்து உக்காருற டாக்டருக்கு என்ன மதிப்புன்னு தெரிஞ்ச ஜில்லா இது, அதனால இந்த இடம் கூட்டம் இல்லாம மூடிரக் கூடாதுன்னு எனக்கு உண்மையாவே ஒரு பயம் இருக்கு.

போறவங்க கையோட கொண்டு போக வேண்டியது: பிள்ளையோட டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், ரெண்டு பக்க தாத்தா பாட்டி வரைக்கும் யாரு எதுல இறந்தாங்கங்கிற விவரம், முடிஞ்சா வீட்டு மூத்தவங்க ஒருத்தரு. ஒரு கண்ல மட்டும் கட்டி வந்த பிள்ளையா இருந்தா ரொம்ப முக்கியம், கண்ண எடுத்த ஆஸ்பத்திரியில அந்தக் கட்டியோட பிளாக், அதாவது மெழுகுல பதிச்ச கட்டித் துண்டு, வச்சிருப்பாங்க, அத எழுதிக் குடுத்து கேட்டு வாங்குங்க, ஏன்னா அவங்களுக்கு முதல்ல கட்டியிலதான் ரெண்டு பழுதும் என்னன்னு பார்த்துட்டு, அதுக்கப்புறம் ரத்தத்துல அது இருக்கான்னு தேடுவாங்க. இன்னும் ஆபரேஷன் ஆகாதவங்க, தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே கட்டிய டெஸ்ட்டுக்கு எடுத்து வைக்கச் சொல்லி டாக்டர்ட்ட சொல்லிருங்க.